எட்டுத் தந்தியும் ஒன்பது அடியும்

ஒரு வாத்தியத்துக்கு இரண்டே இரண்டு தந்தி கூட்டினால் சண்டை வருமா? வரும். கிரேக்க நாட்டில் வந்தது. ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. சண்டை இன்னும் முழுக்க ஓய்ந்தபாடில்லை. அந்த வாத்தியத்தின் பெயர் புஸூக்கி.

பெயரைக் கேட்டதும் புருவத்தை உயர்த்த வேண்டாம். வாத்தியத்தைப் பார்த்திராவிட்டாலும் அதன் குரலை நீங்கள் கேட்டிருக்கக்கூடும். 1964-ல் வெளிவந்த 'ஸோர்பா தி கிரீக்' என்ற படத்தின் முடிவில், கடற்கரையில் இரண்டு பேர் தோளோடு தோள் சேர்த்து ஆடுவார்கள். முதலில் மெல்ல மெல்ல அடியெடுத்து வைத்து, பிறகு வேகம் பிடித்து, கடைசியில் கேட்கிறவர்களுக்கே மூச்சு வாங்கும்படி ஓடும் ஒரு மெட்டு. மிக்கிஸ் தியோடராக்கிஸ் அமைத்த இசை அது. அதிலே கணகணவென்று முன்னால் நின்று பேசுகிறதே, அதுதான் நமது கதாநாயகன்.

ஆனால் இந்த வாரம் சொல்ல வந்தது ஸோர்பாவைப் பற்றி அல்ல. மேனாட்டில் ஜாஸ் என்றும், புராக்ரஸிவ் ராக் என்றும் இரண்டு பெரிய வீடுகள் உண்டு. முதலாவது, அமெரிக்கக் கறுப்பின மக்கள் உண்டாக்கிய, மனோதர்மத்தையே உயிராகக் கொண்ட இசை. இரண்டாவது, 1960-களின் கடைசியில் இங்கிலாந்தில் கிளம்பியது. மூன்று நிமிஷப் பாட்டுப் போதாது என்று இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே உருப்படியாக வாசித்தார்கள். ஐந்து, ஏழு, ஒன்பது என்று கோணல் தாளங்களில் விளையாடினார்கள். கண்ணில் பட்ட வாத்தியங்களையெல்லாம் மேடையில் ஏற்றினார்கள். துறைமுகத்துச் சாராயக் கடையில் பிறந்து வளர்ந்த புஸூக்கி, இந்த இரண்டு வீட்டுக்குள்ளும் நுழைந்தது. நுழைந்த இடத்தில் மருமகளாகக் குடித்தனம் செய்ததா, அல்லது விருந்தாளியாக இரண்டு நாள் இருந்துவிட்டு வந்ததா? அதுதான் கேள்வி.

முதலில் ஆளைப் பார்த்துவிடுவோம். பேரிக்காயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்தது போன்ற குடம். மெல்லிய மரப் பட்டைகளை வளைத்து, பக்கத்தில் பக்கம் ஒட்டி அந்தக் குடத்தைச் செய்வார்கள். அதிலிருந்து நீண்டு செல்லும் தண்டி. தண்டியின் மேல் உலோக மெட்டுகள். தந்திகளும் உலோகம்தான். இரண்டிரண்டாக ஜோடி சேர்த்துக் கட்டியிருப்பார்கள். சின்னஞ்சிறு தகடு ஒன்றால் மீட்டுவார்கள். நாதம் வீணையைப் போல நின்று இழையாது. கணீரென்று எழுந்து சட்டென்று அடங்கிவிடும். ஆகையால் ஒரு ஸ்வரத்தை நீட்டிக் காட்ட வேண்டுமானால், தகட்டை மேலும் கீழுமாகத் துடிக்க விட வேண்டும். அந்தத் துடிப்புத்தான் புஸூக்கியின் கையெழுத்து.

பெயர் வந்த வழி வேடிக்கையானது. துருக்கி மொழியில் 'போஸுக்' என்று ஒரு சொல் உண்டு. உடைந்தது, கெட்டுப்போனது என்று அதற்குப் பொருள். துருக்கியரின் 'ஸாஸ்' என்ற தந்தி வாத்தியத்துக்குச் சுருதி கூட்டும் முறை ஒன்றுக்கும் அந்தப் பெயர் இருந்தது. அதிலிருந்துதான் புஸூக்கி வந்தது என்பார்கள். தொட்டிலிலேயே 'கெட்டுப்போனது' என்று பெயர் வைத்துவிட்டால், பிற்காலத்தில் யாராவது வந்து 'கெடுத்துவிட்டார்கள்' என்று குற்றம் சாட்டாமல் இருப்பார்களா?

* * *

1922-ல் கிரேக்கப் படை சின்ன ஆசியாவில் துருக்கியரிடம் தோற்றது. ஸ்மிர்னா நகரம் பற்றி எரிந்தது. அடுத்த ஆண்டு இரண்டு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு ஜனங்களையே பரிமாறிக்கொண்டன. ஏறத்தாழ 12 லட்சம் கிறிஸ்தவர்கள், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடு வாசலை விட்டுவிட்டுக் கிரேக்கத்துக்கு வந்து இறங்கினார்கள். அன்றைய கிரேக்கத்தின் மொத்த ஜனத்தொகையே சுமார் 50 லட்சம்தான். ஐந்து பேர் சாப்பிட உட்கார்ந்த பந்தியில் ஆறாவதாக ஒருவர் வந்து உட்கார்ந்த மாதிரி. ஆதன்ஸுக்குப் பக்கத்திலே உள்ள பிரேயஸ் துறைமுகத்தைச் சுற்றித் தகரக் கொட்டகைகள் முளைத்தன.

புஸூக்கி அதற்கு முன்பே கிரேக்கத்தில் இருந்தது. அகதிகள் கொண்டுவந்தது பாட்டை. அந்தப் பாட்டுக்குள் இருந்த கீழ்த்திசை ராகங்களை. உள்ளூர் ஏழைகளின் வாத்தியமும், வந்த ஏழைகளின் பாட்டும் சேர்ந்து வளர்ந்ததற்கு ரெபெட்டிகோ என்று பெயர். சிறை, கஞ்சா, கடன், காதல், அம்மா, பிரிவு எல்லாம் அதில் பாட்டாயின. அந்த ராகங்களை அவர்கள் 'சாலைகள்' என்கிறார்கள். ஹிஜாஸ் என்று ஒரு சாலை. ராஸ்ட் என்று ஒரு சாலை. சங்கீதம் கற்ற வாசகர்கள் ஹிஜாஸின் ஸ்வரங்களைக் கேட்டால், 'இது வகுளாபரணம் அல்லவா?' என்று தொடையில் தட்டிவிடுவார்கள். பாட்டுக்கு முன்னால் தாளமில்லாமல் ராகத்தை ஆராய்ந்து வாசிக்கும் வழக்கமும் உண்டு. அதற்கு 'தக்ஸிமி' என்று பெயர். நமது ஆலாபனைக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேயே புஸூக்கி ஒரு விலை கொடுத்தாயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய வாத்தியங்களில் மெட்டுகளை நரம்பால் கட்டியிருந்தார்கள், வேண்டியபடி நகர்த்திக்கொள்ளலாம். ராகத்துக்கு ராகம் நுட்பமாக மாறும் ஸ்வரங்களை அப்படித்தான் பிடித்தார்கள். அசையாத உலோக மெட்டுகளைப் பதித்த பிறகு, மேனாட்டு முறையின் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களுக்கு நடுவே இருந்த அந்த நுட்பங்கள் போய்விட்டன. அதற்காக அன்று பெரிய சண்டை நடந்ததாகத் தெரியவில்லை. பியானோவோடும் கித்தாரோடும் சேர்ந்து வாசிக்கும் உரிமை அந்த விலைக்குத்தான் கிடைத்தது.

இந்த இசைக்குப் பிதாமகர் மார்க்கோஸ் வம்வகாரிஸ். 1905-ல் ஸீரோஸ் தீவில் பிறந்தவர். சிறு வயதிலேயே பிரேயஸுக்கு வந்து மூட்டை தூக்கினார். பிறகு இறைச்சிக் கொட்டடியில் தோல் உரிக்கும் வேலை பார்த்தார். ஒருநாள் யாரோ புஸூக்கி வாசிக்கக் கேட்டார். ஆறு மாதத்துக்குள் இதைக் கற்றுக்கொள்ளாவிட்டால் கசாப்புக் கத்தியால் என் கையை வெட்டிக்கொள்வேன் என்று சபதம் செய்ததாகத் தம் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். கை தப்பியது! 1934-ல் அவரும் மூன்று கூட்டாளிகளும் சேர்ந்து பிரேயஸில் ஒரு நால்வர் கோஷ்டியை ஆரம்பித்தார்கள்.

மார்க்கோஸ் வாசித்தது மூன்று ஜோடி, அதாவது ஆறு தந்தி புஸூக்கி. மேனாட்டு ஸ்வரப் பெயர்களில் சொன்னால் ரே, லா, ரே. நம் பாஷையில் ஸ, ப, மேல் ஸ. ஒரு தந்தியில் பாட்டு ஓடும்போது மற்ற தந்திகள் தம்புராவைப் போலப் பின்னால் ரீங்காரம் செய்துகொண்டே இருக்கும். பாடுகிறவன் தனியாக இல்லை, பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்ற ஒரு தைரியம் அந்த ஒலியில் இருக்கிறது. இந்த ரீங்காரத்தை மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

1936-ல் மெடாக்ஸாஸ் சர்வாதிகாரியானார். பாட்டுகளுக்குத் தணிக்கை வந்தது. கஞ்சாப் பாட்டு கூடாது, கீழ்த்திசை வாடை கூடாது என்று உத்தரவு. புஸூக்கியோடு தெருவில் போவதே ஆபத்தாயிற்று. அதன் குட்டித் தம்பியான 'பக்லமாஸ்' என்ற வாத்தியத்தைக் கோட்டுக்குள்ளே மறைத்து எடுத்துப் போனார்கள் என்று இன்றும் கதை சொல்வார்கள். பெரிய மனிதர் வீடுகளில் புஸூக்கி என்ற சொல்லையே உச்சரிக்க மாட்டார்கள்.

அந்தத் தீண்டாமையை உடைத்தவர் மானோஸ் ஹட்ஜிடாக்கிஸ் என்ற இளைஞர். 1949 ஜனவரியில் ஆதன்ஸ் நாடக அரங்கு ஒன்றில், மேட்டுக்குடி ரசிகர்களுக்கு முன்னால் ரெபெட்டிகோவைப் பற்றிப் பேசினார். அப்போது அவருக்கு வயது 23. பேச்சோடு விடவில்லை, மார்க்கோஸையும், ஸோட்டிரியா பெல்லு என்ற பாடகியையும் மேடைக்கே அழைத்து வந்துவிட்டார். பின்னால் 'நெவர் ஆன் ஸண்டே' படப் பாட்டுக்காக ஆஸ்கர் பரிசு பெற்ற அதே ஹட்ஜிடாக்கிஸ்தான்.

* * *

இனித்தான் சண்டை. 1921-ல் பிறந்த மனோலிஸ் ஹியோட்டிஸ் மின்னல் வேக விரல்காரர். மார்க்கோஸின் வழியைப் படித்தவர். ஆனால் காது அமெரிக்காவின் பக்கம் திரும்பியிருந்தது. ஜாஸ் அவருக்குப் பிடித்தது. மாம்போ முதலிய லத்தீன் அமெரிக்கத் தாளங்களும் பிடித்தன. அவருடைய புஸூக்கியோ ஒத்துழைக்க மறுத்தது.

ஏன் என்பதைச் சொல்கிறேன். மேனாட்டு இசையில் பல ஸ்வரங்களை ஒரே சமயத்தில் கொத்தாக ஒலிக்கச் செய்வார்கள். சாதாரணப் பாட்டுக்கு மூன்று ஸ்வரக் கொத்துப் போதும். ஜாஸில் அது காணாது. நான்காவதாக ஒரு ஸ்வரம் சேர்ந்தால்தான் ஜாஸின் அந்தப் புளிப்பும் தித்திப்பும் வரும். மூன்று ஜோடித் தந்தியில் நான்கு ஸ்வரம் எப்படி ஒலிக்கும்? அண்டாவில் மூன்று படிதான் பிடிக்கும் என்றால் நாலாவது படி தரையில்தான்.

ஹியோட்டிஸ் அண்டாவையே மாற்றினார். 1950-களில் நான்கு ஜோடி, அதாவது எட்டுத் தந்தி புஸூக்கியை மேடையில் நிலைநாட்டினார். அதோடு சுருதி அமைப்பையும் புதிதாக்கினார்: தோ, ஃபா, லா, ரே. கித்தாரின் மேல் நான்கு தந்திகளை முழு ஸ்வரம் இறக்கினால் என்ன கிடைக்குமோ அதுவே இது. கித்தார் தெரிந்தவன் உடனே வாசிக்கலாம். நான்கு ஸ்வரக் கொத்தும் வந்தது, வேகமும் வந்தது. மின்சார ஒலிபெருக்கியும் சேர்ந்தபோது பெரிய நடன அரங்கின் கடைசி மேஜை வரை குரல் எட்டியது.

பழைய ரசிகர்கள் வெகுண்டார்கள். அவர்கள் வெகுண்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஸ-ப-ஸ போனதும் அந்தத் தம்புரா ரீங்காரமும் கூடவே போயிற்று. பின்னால் நின்ற 'யாரோ' போய்விட்டார். பதிலுக்கு விரல்கள் பறந்தன. இது புஸூக்கி அல்ல, புஸூக்கி வேஷம் போட்ட கித்தார் என்பது அவர்கள் கட்சி.

எதிர்க்கட்சிக்கும் பலமான சாட்சி ஒன்று உண்டு. 1936-ல் ஸலோனிக்கா நகரில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளி ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான். நடுத்தெருவில் கிடந்த மகனின் உடல் மேல் குனிந்து தாய் அழும் படம் பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த கவிஞர் யானிஸ் ரிட்ஸோஸ், அந்தத் தாயின் ஒப்பாரியாக 'எபிடாஃபியோஸ்' என்ற காவியத்தை எழுதினார். மெடாக்ஸாஸ் அரசு அந்தப் புத்தகத்தைக் கொளுத்தியது. 1960-ல் தியோடராக்கிஸ் அதற்கு இசையமைத்தபோது, சாராயக் கடை வாத்தியம் என்று ஏசப்பட்ட புஸூக்கியைத்தான் கூப்பிட்டார். வாசித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஹியோட்டிஸ்தான்.

நாடே இரண்டு பட்டது. ஒரு தாயின் ஒப்பாரியைக் குடிகாரர்கள் கேட்கும் வாத்தியத்தில் வாசிப்பதா என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் அந்த இசைத்தட்டுக்குப் பிறகு, புஸூக்கி எளியவர்களின் துக்கத்தை மட்டுமல்ல, ஒரு தேசத்தின் துக்கத்தையும் தாங்கும் என்பதை மறுக்க முடியாமல் போயிற்று. எட்டுத் தந்தி கட்டியவரின் கைதான் அதைத் தாங்கியது என்பதைப் பழைய கட்சிக்காரர்களும் மறக்கக் கூடாது.

* * *

ஜாஸ் வீட்டில் என்ன நடந்தது? அங்கே முதலில் நுழைந்தது புஸூக்கியின் தந்தி அல்ல. அதன் சுற்றத்தாரின் தாளம். 1958-ல் அமெரிக்க அரசு அனுப்பிய சுற்றுப்பயணத்தில் பியானோ வித்வான் டேவ் புருபெக் இஸ்தான்புலுக்குப் போனார். தெருவில் சிலர் ஒன்பது அடித் தாளம் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று-இரண்டு, ஒன்று-இரண்டு, ஒன்று-இரண்டு, ஒன்று-இரண்டு-மூன்று! நீங்களும் மேஜையில் தட்டிப் பாருங்கள். கடைசி மூன்றில் ஒரு கணம் கால் அந்தரத்தில் நின்றுவிட்டுத் தரைக்கு வரும். 1959-ல் வெளியான 'டைம் அவுட்' என்ற தட்டில் 'புளூ ரோண்டோ அ லா டர்க்' என்று அதையே ஜாஸாக்கிவிட்டார் புருபெக்.

ஒன்பது அடித் தாளம் துருக்கியருக்கு மட்டும் சொந்தமல்ல; கிரேக்கருக்கும் சொந்தம். ஒன்பது அடியில்தான் ரெபெட்டிகோவின் பெருமைமிக்க ஆட்டமான 'ஸெய்பெக்கிகோ' நடக்கிறது. ஒருவன் மட்டும் எழுந்து, கைகளை விரித்து, தனக்குள்ளே பேசிக்கொள்வது போல ஆடுவான். அவன் ஆடும்போது இன்னொருவன் குறுக்கே போய் ஆடுவது மரியாதையல்ல. வேகமான ஒன்பது ஒன்று. தயங்கித் தயங்கி நடக்கும் ஒன்பது இன்னொன்று. எண்ணிக்கை ஒன்றானாலும் நடை வேறு.

புஸூக்கியே நேரில் வந்தது 1967-ல். அமெரிக்க ஸாக்ஸஃபோன் வித்வான் ஃபில் உட்ஸ் 'கிரீக் குக்கிங்', அதாவது 'கிரேக்கச் சமையல்' என்ற தட்டைப் பதிவு செய்தார். இயோர்தானிஸ் ட்ஸொமிடிஸ் அதில் புஸூக்கி வாசித்தார். ஊத் என்ற அரபு வாத்தியமும் உடனிருந்தது. தலைப்பே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது: விருந்து. ருசியான விருந்துதான், ஆனால் விருந்தாளியை வீட்டுக்காரனாக்கும் எண்ணம் அதில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2003-ல், கித்தார் வித்வான் பில் ஃபிரிஸெல் 'தி இன்டர்காண்டினென்டல்ஸ்' என்ற தட்டில் வேறு வழியில் போனார். பிரேஸில்காரர், மாலி நாட்டுக்காரர், கிரேக்கர் என்று பலரைக் கூட்டினார். கிரேக்கரான கிறிஸ்டோஸ் கொவெட்டாஸ் புஸூக்கியும் ஊதும் வாசித்தார், பாடவும் செய்தார். யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொள்கிற மாதிரி இருக்கும் அந்த இசை.

* * *

ராக் வீட்டுக்குப் போகும் வழி கொஞ்சம் சுற்று வழி. அயர்லாந்து வழியாகப் போக வேண்டும். கிரேக்கம் எங்கே, அயர்லாந்து எங்கே என்று திகைக்க வேண்டாம். 1960-களின் நடுவில் ஜானி மாய்னிஹன் என்ற அயர்லாந்துப் பாட்டுக்காரர் கைக்கு ஒரு கிரேக்கப் புஸூக்கி வந்தது. தம் ஊர் நாட்டுப்பாடல்களுக்கு அதை வாசிக்க ஆரம்பித்தார். அவரைப் பார்த்து ஆண்டி இர்வின், டோனல் லன்னி என்ற இருவரும் பிடித்துக்கொண்டார்கள். லன்னி இடது கைக்காரர். குடம் உருண்டையாக இருந்தால் மடியில் வழுக்குகிறது என்று யாருக்கும் தோன்றும் அல்லவா? பீட்டர் ஆப்நெட் என்ற இங்கிலாந்து ஆசாரி லன்னிக்காகச் செய்து கொடுத்த வாத்தியத்தில் உருண்டைக் குடம் போய் முதுகு ஏறக்குறையத் தட்டையாயிற்று. இன்று அதற்கு 'ஐரிஷ் புஸூக்கி' என்றே பெயர். 1970-களின் தொடக்கத்தில் இர்வினும் லன்னியும் இருந்த 'பிளாங்ஸ்டி' கோஷ்டி அதைப் பிரபலமாக்கியது.

இங்கேதான் வேடிக்கை. அந்த வாத்தியத்துக்கும் எட்டுத் தந்திதான். ஆனால் சுருதியைக் கேளுங்கள்: ஸோல், ரே, லா, ரே. முதல் ஜோடியைக் கையால் மறைத்துவிட்டு மீதியைப் பாருங்கள். ரே, லா, ரே! பிரேயஸ் துறைமுகத்தில் மார்க்கோஸ் வைத்திருந்த அதே சுருதி. ஹியோட்டிஸ் தந்தி கூட்டியபோது பழைய சுருதியைக் கலைத்துப் புதிது செய்தார். அயர்லாந்துக்காரர்கள் பழையதை அப்படியே வைத்துக்கொண்டு கீழே ஒன்று கூட்டினார்கள். மார்க்கோஸைப் பின்பற்ற வேண்டும் என்று அவர்கள் நினைத்துச் செய்ததல்ல. அயர்லாந்தின் பை ஊதல் வாத்தியத்துக்கும் நிலையான ரீங்காரம் உண்டு. அதற்கு இசைவான சுருதியைத் தேடிப் போனார்கள். போன இடத்தில், பின்னால் நின்ற அந்தப் பழைய 'யாரோ' திரும்பி வந்துவிட்டார்.

ரீங்காரம் மட்டுமா? தாளமும் வந்தது. 1960-களின் கடைசியில் இர்வின் கிழக்கு ஐரோப்பாவில் ஊர் ஊராகத் திரிந்து, பல்கேரியா முதலிய நாடுகளின் கோணல் தாளங்களைக் கற்று வந்தார். பிளாங்ஸ்டி 1979-ல் வெளியிட்ட தட்டில் 'ஸ்மெச்செனோ ஹோரோ' என்ற பல்கேரிய ஆட்டமே இருக்கிறது. 1992-ல் இர்வினும் பை ஊதல் வித்வான் டேவி ஸ்பிலேனும் சேர்ந்து 'ஈஸ்ட் விண்ட்' என்று ஒரு தட்டு முழுவதையும் அந்தத் தாளங்களுக்குக் கொடுத்தார்கள். அதைத் தயாரித்த பில் வீலன், இரண்டே ஆண்டில் 'ரிவர்டான்ஸ்' என்ற ஆட்டத்துக்கு இசையமைத்து உலகப் புகழ் பெற்றார்.

லன்னி இன்னொரு பக்கம் போனார். 1981-ல் பாடகர் கிறிஸ்டி மூரோடு சேர்ந்து டப்ளினில் 'மூவிங் ஹார்ட்ஸ்' என்ற கோஷ்டியைத் தொடங்கினார். டிரம்ஸ், மின்சாரக் கித்தார், ஸாக்ஸஃபோன், பை ஊதல், புஸூக்கி எல்லாம் ஒரே மேடையில்! ராக்கின் பலமும் ஜாஸின் சுதந்திரமும் அயர்லாந்து ஆட்ட மெட்டுகளும் ஒன்றாகக் கலந்தன. 1985-ல் வெளிவந்த 'தி ஸ்டார்ம்' என்ற தட்டில் பாட்டே இல்லை. முழுக்க முழுக்க வாத்தியம். அதில் லன்னியின் கை விறகு அடுப்பின் நெருப்பு மாதிரி. பாத்திரத்தில் கொதிப்பது வேறு என்றாலும், கொதிக்க வைப்பது அதுதான்.

அசல் புராக்ரஸிவ் ராக் கோஷ்டிகள் என்ன செய்தன? கிரேக்கத்திலிருந்தே ஒரு புகழ்பெற்ற கோஷ்டி உண்டு: 'அஃப்ரோடைட்ஸ் சைல்ட்'. ராணுவ ஆட்சி நடந்த ஆதன்ஸை விட்டு 1968-ல் வெளியேறி, பாரிஸில் தங்கி, 1972-ல் '666' என்ற இரட்டைத் தட்டை வெளியிட்டார்கள். ஆனால் அவர்களுக்குப் புகழ் தேடித் தந்தது வாங்கெலிஸின் ஆர்கனும் டெமிஸ் ரூஸோஸின் குரலும்தான். அதே ராணுவ ஆட்சி தியோடராக்கிஸின் இசையை 1967-லேயே தடை செய்திருந்தது.

இங்கிலாந்தில் மைக் ஓல்ட்ஃபீல்ட் 1975-ல் வெளியிட்ட 'ஓமடான்' தட்டில் இரண்டே உருப்படிகள், பக்கத்துக்கு ஒன்று. ஒற்றை ஆளாக அவர் வாசித்த பல வாத்தியங்களில் புஸூக்கியும் ஒன்று. ஜெத்ரோ டல் கோஷ்டியின் இயன் ஆண்டர்ஸன் 1999-ல் வந்த 'ஜே-டல் டாட் காம்' தட்டில் புஸூக்கியைத் தொட்டார். கனடாவின் 'ரஷ்' கோஷ்டியில் அலெக்ஸ் லைஃப்ஸன் 2007-ல் 'ஸ்னேக்ஸ் அண்ட் ஆரோஸ்' தட்டில் கித்தாரோடு புஸூக்கியும் வாசித்தார்.

இவற்றையெல்லாம் எப்படி மதிப்பிடுவது? எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். சமையலில் ஒரு சாமானை எடுத்துவிட்டுப் பார்ப்போம் அல்லவா? கொத்தமல்லித் தழை இல்லாவிட்டாலும் ரசம் ரசம்தான். புளி இல்லாவிட்டால் ரசமே இல்லை. புஸூக்கியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கித்தாரை வைத்துப் பாருங்கள். கேட்கிறவனுக்கு வித்தியாசம் தெரியவில்லையானால், அங்கே அது கொத்தமல்லித் தழை. தழை வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசனைக்கும் ஒரு மதிப்பு உண்டு. லைஃப்ஸனும் ஆண்டர்ஸனும் அழகாகத்தான் தூவியிருக்கிறார்கள். ஓல்ட்ஃபீல்டின் கம்பளத்தில் அது ஒரு நிற நூல். ஆனால் 'தி ஸ்டார்ம்' தட்டிலிருந்து லன்னியை எடுத்துவிட்டால் ரசமே இல்லை.

ஏன் இந்த வித்தியாசம்? திறமையினால் அல்ல, எல்லாரும் கெட்டிக்காரர்கள்தான். ஒரு வாத்தியம் புகுந்த வீட்டுக்குப் போகும்போது வெறும் உருவமாகப் போகலாம். பிறந்த வீட்டுச் சீதனத்தோடும் போகலாம். புஸூக்கியின் சீதனம் இரண்டு: பின்னால் நிற்கும் ரீங்காரம், முன்னால் நடக்கும் கோணல் நடை. அவற்றில் ஒன்றாவது கூட வந்த இடத்தில் அது நிலைத்தது. நாதம் மட்டும் வந்த இடத்தில் அலங்காரமாயிற்று. ஹியோட்டிஸ் ரீங்காரத்தை விட்டார். ஆனால் நடையை விடவில்லை. ஆகவேதான் அவருடைய எட்டுத் தந்தியில் 'எபிடாஃபியோஸ்' நின்றது. தந்தி கூட்டியது குற்றம் என்ற பழைய கட்சியோடு எனக்கு உடன்பாடில்லை. கூட்டும்போது எதைக் கையில் வைத்துக்கொண்டார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

இன்று கிரேக்கத்தில் எட்டுத் தந்தி புஸூக்கியே அதிகம். ஆனால் 1970-களிலிருந்து இளைஞர்கள் பழைய தட்டுகளைத் தேடிப் பிடித்து, ஆறு தந்தியையும் மறுபடி கையில் எடுத்திருக்கிறார்கள். கோட்டுக்குள் ஒளித்து வைத்து வளர்ந்த ரெபெட்டிகோவை, மனித குலத்தின் கலாசாரச் செல்வங்களில் ஒன்றாக யுனெஸ்கோ 2017-ல் பட்டியலில் சேர்த்தது.

வீட்டில் கைபேசி இருக்கிறவர்களுக்கு இவையெல்லாம் ஒரு விரல் தூரம்தான். இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியான பிறகு, முதலில் மார்க்கோஸின் 1930-களின் தட்டு ஒன்றைக் கேளுங்கள். அடுத்து ஹியோட்டிஸ், 'எபிடாஃபியோஸ்'. அதற்கடுத்து பிளாங்ஸ்டி, கடைசியாக 'தி ஸ்டார்ம்'. மேஜையில் விரலால் ஒன்பது தட்டிக்கொண்டே கேட்டால் இன்னும் நல்லது. எங்கே ஒன்பது ஒத்துவருகிறது, எங்கே நழுவுகிறது என்று தெரியும். எந்த இடத்தில் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறது, எந்த இடத்தில் இல்லை என்று உங்கள் காதே சொல்லிவிடும். அதற்கு ஸ்வரஞானம் வேண்டியதில்லை. வீட்டிலே குழந்தைகள் இருந்தால் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள்.